‘டாக்டருக்கே டிப்ரெஷனா?’ – ஒரு கணவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி, சுருக்கமாக: நான் கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மகப்பேறு பிரிவில் பி.ஜி. (பட்டமேற்படிப்பு) இரண்டாம் ஆண்டு. கலந்தாய்வில் தென்மாவட்டத்தில்தான் சீட் கிடைத்தது. மூன்று வயது மகள் என்னோடும் என் அம்மாவோடும் இருக்கிறாள். நான்கு மாதமாக மனைவி ஆளே மாறிவிட்டார். ஊருக்கு வந்தால் தூங்காமல் படுத்திருக்கிறார். வீடியோ காலில் மகள் “நீ வேண்டாம், அப்பத்தாதான் வேணும்” என்று சொன்னாள். அன்றிலிருந்து வீடியோ காலே எடுப்பதில்லை. “நான் நல்ல டாக்டரும் இல்லை, நல்ல அம்மாவும் இல்லை” என்கிறார். என் அம்மா “டாக்டருக்கே டிப்ரெஷனா?” என்று கேட்கிறார். இது வேலைக் களைப்பா, நோயா? படிப்பை விட்டுவிடச் சொல்லலாமா?

பதில்:

நீங்கள் எழுதியதில் இரண்டு இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘தூங்காமல் படுத்திருக்கிறார்’ என்பது ஒன்று. ‘நல்ல டாக்டரும் இல்லை, நல்ல அம்மாவும் இல்லை’ என்பது இன்னொன்று. நான் மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பல பி.ஜி.க்கள் என் எதிரே உட்கார்ந்து அப்படியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஓ.பி. முடிந்து எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரிப்பது வெறும் களைப்பு மாதிரி தெரியவில்லை. மனச்சோர்வு நோயாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். படிப்பை விடுவது பற்றிய பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

களைத்த ஆளுக்கு இரண்டு நாள் தூக்கமும் வீட்டுச் சாப்பாடும் கிடைத்தால் முகம் தெளிந்துவிடும். குழந்தையைப் பார்த்ததும் சிரிப்பு வரும். மனச்சோர்வில் இருப்பவருக்குத் தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராது. வந்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அதன் பிறகு கண் மூடாது. பிடித்தது எதுவும் பிடிக்காது. தன்னைப் பற்றிய எண்ணம் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். இவை கிட்டத்தட்ட நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாங்கள் அதை நோய் என்றே எடுத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் நான்கு மாதம் ஆகிவிட்டது. ‘பர்ன் அவுட்’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்றுதான் சொல்கிறது. மனச்சோர்வு அப்படியில்லை. அது வேலையிடத்தில் தொடங்கினாலும் வேலையிடத்தோடு நிற்காமல் வீடு வரைக்கும், படுக்கை வரைக்கும், குழந்தையின் முகம் வரைக்கும் வந்துவிடும்.

பார்க்கப் போகும்போது தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் சோதிக்கச் சொல்வார்கள். இளம்பெண்களிடம் இவை இரண்டும் குறைந்திருந்து, மனச்சோர்வு மாதிரியே தெரிவதுண்டு. அதனால் அதைத் தவிர்க்க வேண்டாம்.

அப்புறம், உங்கள் அம்மாவின் கேள்வி. அவர் வேண்டுமென்றே மனம் நோகக் கேட்டிருக்க மாட்டார். டாக்டர் என்றால் நோய் அண்டாத ஆள் என்பது நம் ஊரில் பலருக்கும் உள்ள நம்பிக்கை. மருத்துவர்களுக்கே அந்த நம்பிக்கை இருப்பதுதான் வேதனை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீஜன் சென் என்ற மனநல மருத்துவரின் குழு, 2007 முதல் ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பயிற்சியில் சேரும் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. சேர்வதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். பயிற்சி தொடங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே படிவம். 2010-இல் அவர்கள் வெளியிட்ட முதல் பெரிய முடிவில் 740 பேர் இருந்தார்கள். சேர்வதற்கு முன்னால் மனச்சோர்வு அளவைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி வருஷத்துக்குள் அது சராசரியாக 25.7 சதவீதம் ஆனது.

இந்த எண்களை உங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆட்கள் அதே ஆட்கள். அதே மூளை, அதே குடும்பம், அதே மனவலிமை. நடுவில் மாறியது வேலை மட்டும்தான். உங்கள் மருமகள் பலவீனமானவர் என்பதால் இது வரவில்லை.

இதே குழு 2017-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. அது உங்கள் வீட்டுக் கதைக்கு ரொம்பவும் நெருக்கமானது. மூவாயிரத்துச் சொச்சம் பயிற்சி மருத்துவர்களைப் பார்த்ததில், பயிற்சி வருஷத்தில் ஆண்களுக்கும் மனச்சோர்வு ஏறியது, பெண்களுக்கு அதைவிட அதிகமாக ஏறியது. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, வேலைக்கும் குடும்பத்துக்கும் நடக்கும் இழுபறியைக் கணக்கில் சேர்த்ததும் இடைவெளி 36 சதவீதம் சுருங்கிவிட்டது. பெண் உடம்பு, ஹார்மோன், இளகிய மனசு என்றெல்லாம் நாம் சாக்குச் சொல்லும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இழுபறியோடு கட்டுண்டு கிடக்கிறது.

இழுபறி என்றால் நேரம் போதாமை என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நேரம் அதில் ஒரு இழைதான். கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-லேயே இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள், இன்றைக்கும் அதைவிடத் தெளிவான பிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. முதலாவது நேரம்: லேபர் வார்டில் நிற்பவர் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் இருக்க முடியாது. இரண்டாவது களைப்பு: நேரம் கிடைத்தாலும் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஊருக்கு வந்து படுத்தே கிடக்கிறாரே, அது இதுதான். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ஓர் இடத்தில் நம்மைக் காப்பாற்றும் நடத்தை இன்னொரு இடத்தில் நம்மைக் கெடுத்துவிடும். பிரசவ அறையில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு முன்னால் நிற்கும்போது குரல் கறாராக வேண்டும். “லைன் போடு, ரத்தம் எடு, ஓ.டி.க்குச் சொல்லு.” அழுகையைக் காதில் வாங்கக் கூடாது. அடுத்த நாள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை சட்டை போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது அதே குரல் வந்துவிடும். குழந்தை பயந்து அப்பத்தாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்தக் காட்சியை ஒரு தாய் மறக்கவே மாட்டாள்.

உங்கள் மகள் சொன்ன “நீ வேண்டாம்” என்பதையும் அங்கே வைத்துப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை, கூடவே இருக்கும் ஆளோடு ஒட்டிக்கொள்வது இயல்பு. அப்பா ஒரு மாதம் வெளியூர் போனாலும் அப்படித்தான் சொல்லும். ஆனால் 24 மணி நேர டியூட்டி முடித்து, அறைக்கு வந்து, குளிக்கக்கூட இல்லாமல் போனை எடுத்த ஒருத்தியின் காதில் அது தீர்ப்பு மாதிரி விழுந்திருக்கிறது. அவர் போனை எடுக்காமல் இருப்பது பாசம் குறைந்ததால் இல்லை. அந்தத் தீர்ப்பை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மகப்பேறு பிரிவுக்கு என்று தனியாக ஒரு சுமை உண்டு, அதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பேறுகால மரண விகிதம் 2018-20 கணக்கெடுப்பில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54. தேசிய அளவு 97. அரசு மருத்துவமனைகளின் லேபர் வார்டுகளில் ராத்திரி பகலாக நின்ற டாக்டர்களும் நர்ஸுகளும் இல்லாமல் அந்த எண் இவ்வளவு இறங்கியிருக்காது. ஆனால் ஒரு தாய் இறந்துபோனால் நடக்கும் தணிக்கைக் கூட்டங்களைப் பற்றி பி.ஜி.க்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தத் தணிக்கை, அது கட்டாயம் வேண்டும். பல இடங்களில் அது யார் தவறு என்று கேட்கும் விசாரணையாக மாறிவிடுகிறது. கேஸ் ஷீட்டில் எழுதியது பி.ஜி.யின் கையெழுத்து என்பதால் முதல் கேள்வியும் அவளிடம்தான் வரும். உங்கள் மனைவி ‘நல்ல டாக்டர் இல்லை’ என்று சொல்வதற்குப் பின்னால் அப்படி ஒரு நாள் இருக்கலாம். மெதுவாகக் கேளுங்கள். சொன்னால், தீர்வு எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வேலையிட ஆதரவு என்ற பேச்சு இப்போது எல்லாக் கல்லூரியிலும் கேட்கிறது. யோகா வகுப்பு நடக்கிறது, மன அழுத்த மேலாண்மை என்று அரை நாள் கருத்தரங்கு நடக்கிறது. டியூட்டி முடிந்து தூங்கப் போக வேண்டிய பி.ஜி.க்களை அதில் கட்டாயமாக உட்காரவைக்கிறார்கள். மருத்துவமனையில் ஆதரவு என்பது பெரும்பாலும் டியூட்டி ரோஸ்டரில்தான் இருக்கிறது. யார் பெயர் எந்தத் தேதிக்கு எதிரே இருக்கிறது, அவசரம் என்றால் அந்தப் பெயரை மாற்ற முடியுமா, மாற்றினால் யார் முகம் சுளிப்பார்கள், இதுதான் விஷயம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மகனுக்கு ஆறு மாதம் ஆனபோது நான் பி.ஜி. சேர்ந்தேன். மனநல மருத்துவம்தான் என்றாலும் பொது மருத்துவப் பிரிவில் சில மாதம் போஸ்டிங் உண்டு. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப எத்தனை மணி ஆகும் என்று தெரியாது. பதினொரு மணி வாக்கில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். ரவுண்ட்ஸ் நடுவில் வெளியே போக யூனிட் சீஃபிடம் அனுமதி கேட்டேன். “இதெல்லாம் யோசித்துவிட்டுச் சேர்ந்திருக்க வேண்டும்” என்றார். அதன் பிறகு கேட்கவில்லை. டாய்லெட்டில் நின்று பாலைப் பீய்ச்சி வாஷ் பேசினில் விடுவேன். குழாயைத் திறந்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் வெள்ளைக் கோட்டில் ஈரம் பரவியிருந்ததை வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. துணிகள் அடுக்கிவைக்கும் அறையைத் திறந்து, போர்வை மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். “பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் வந்துடுங்க டாக்டரம்மா. யாராவது தேடினா நான் சொல்லிக்கறேன்” என்றார். பதினைந்து நிமிஷம், ஒரு ஸ்டூல், ஒரு சாவி. அந்தப் போஸ்டிங்கை நான் முடித்தது அந்த அம்மாவால்தான். வேலைப்பளு துளியும் குறையவில்லை. அதே நோயாளிகள், அதே ரவுண்ட்ஸ், அதே யூனிட் சீஃப். ஆனால் எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்பதை அந்தக் கட்டடத்துக்குள் ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

ஆய்வுகள் நீளமான வார்த்தைகளில் சொல்வதும் இதைத்தான். மேலதிகாரி, கூட வேலை பார்ப்பவர்கள், நிறுவனம் என்று ஆதரவு மூன்று இடத்திலிருந்து வரலாம். பாரம் அதே அளவில் இருந்தாலும் ஆதரவு இருக்கிற இடத்தில் அது நோயாக மாறுவது குறைகிறது. இல்லாத இடத்தில் சின்ன பாரமும் ஆளைச் சாய்த்துவிடும்.

இதில் கூட வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மனைவி அவர்கள் மேல் கோபமாக இருக்கலாம். ஒரு யூனிட்டில் நான்கு பி.ஜி.க்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளுக்கு ஒரு 24 மணி நேர டியூட்டி, மாதத்துக்கு ஏழெட்டு வரும். ஒருத்தி பிரசவ விடுப்பில் போகிறாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் வருவதில்லை. மீதி மூன்று பேருக்கு மாதம் பத்து டியூட்டி ஆகிவிடும். அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நடு ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்தாவது சிசேரியனுக்கு ஸ்க்ரப் செய்துகொண்டிருப்பவளுக்கு விடுப்பில் இருப்பவள் மேல்தான் எரிச்சல் வரும், ஆள் போடாத நிர்வாகத்தின் மேல் வராது. சக பி.ஜி.யிடம் ஒரு நாள் டியூட்டி மாற்றிக் கேட்பதற்குள் உங்கள் மனைவி எத்தனை தடவை தயங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மாற்று ஆள் இல்லாத விடுப்பு, சக மருத்துவர்களின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிற விடுப்பு. அதை எப்படி நிம்மதியாக அனுபவிக்க முடியும்?

விதி இல்லாமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் 5-ஆம் தேதியே உத்தரவு போட்டிருக்கிறது: ரெசிடென்ட் டாக்டர்களுக்கு (பி.ஜி.க்களும் இதில் அடக்கம்) சாதாரணமாக வாரம் 48 மணி நேர வேலை, ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இதை நான் வகுப்பில் சொல்லும்போது பி.ஜி.க்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். 2023-இல் வந்த பட்டமேற்படிப்பு விதிமுறைகள் ‘நியாயமான வேலை நேரம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் தற்செயல் விடுப்பு என்று வைத்தன. ஓய்வு நாளுக்குப் பக்கத்திலேயே ‘வேலையின் அவசரத்துக்கு உட்பட்டு’ என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் ஓய்வு கட்டாயம் என்று பரிந்துரைத்தது. 48-இல் ஆரம்பித்து 74-க்கு வந்து நிற்கிறோம். அந்தக் குழு நடத்திய கருத்தெடுப்பில் பங்கெடுத்த பி.ஜி.க்களில் சுமார் 31 சதவீதம் பேர், தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரில் ஒருவர். அதே வருஷம் ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் மருத்துவர், நீண்ட டியூட்டிக்கு நடுவில் செமினார் ஹாலில்தான் படுத்திருந்தார். 36 மணி நேர டியூட்டி மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றம் அப்போது சொன்னது. படுக்க ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள். இதைக் கேட்பதற்கு அப்படி ஒரு சாவு தேவைப்பட்டிருக்கக் கூடாது.

நேரத்தை மட்டும் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. அமெரிக்காவில் 2011-இல் முதல் வருஷப் பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 16 மணி நேரம்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். நான் மேலே சொன்ன மிச்சிகன் குழு முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்த்தபோது மனச்சோர்வு குறையவில்லை, தூக்கமும் கூடவில்லை. தாங்கள் செய்ததாகச் சொல்லிக்கொண்ட தவறுகள் கூடியிருந்தன. நேரம் சுருங்கியது, ஆனால் அதே வேலை அதே ஆட்களின் தலையில்தான் விழுந்தது என்பது என் கணிப்பு. பிற்பாடு 2007-இலிருந்து 2019 வரையிலான காலத்தை மொத்தமாகப் பார்த்தபோது ஒரு நல்ல செய்தி இருந்தது. பயிற்சி வருஷத்தில் ஏறும் மனச்சோர்வு அளவு கிட்டத்தட்ட கால் பங்கு இறங்கியிருந்தது. அதோடு சேர்ந்து மாறியிருந்தவை: வேலை நேரம் குறைந்தது, தூக்கம் கூடியது, சிகிச்சை எடுத்துக்கொள்ளத் தயங்காதவர்கள் கூடினார்கள், ஆசிரியர்கள் பயிற்சி மருத்துவர்களிடம் பேசும் முறை மேம்பட்டது. அந்தக் கடைசி விஷயத்துக்குப் பணம் செலவாகாது. “நேற்று அந்த கேஸை நன்றாகச் சமாளித்தாய்” என்று ஒரு உதவிப் பேராசிரியர் சொல்வதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

ஆண் மருத்துவர்களுக்கு இது இல்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு ஆண் பி.ஜி. லீவு கேட்டால் “உன் வைஃப் எங்கே?” என்ற கேள்விதான் வரும். அவர்கள் என்னிடம் வருவதும் தாமதமாகத்தான், பல நேரம் குடியோ தூக்க மாத்திரையோ பழகின பிறகு.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை.

இந்த வாரக் கடைசியில் அவரை வரச் சொல்லாமல் நீங்கள் அங்கே போங்கள். மகளை இந்தத் தடவை கூட்டிப்போக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால், சொல்ல ஓர் இடம் கிடைக்கும். ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், அதுவரை தனியாக விடக் கூடாது. மருத்துவர்களுக்கு மருந்துகள் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றன, அதனால் இதை நாளைக்கு என்று தள்ளிவைக்க முடியாது. ராத்திரி நேரத்தில் யாரும் கிடைக்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

இல்லை என்றாலும் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். “எங்க காலேஜ்லயே காட்டினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்” என்பார். அந்தப் பயம் நியாயமானது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது, மருத்துவர் நோயாளியாக இருந்தாலும் அந்த உரிமை உண்டு. இருந்தாலும் காரிடாரில் நடப்பதைச் சட்டம் தடுக்காது என்பதால், கோவையிலோ வேறு ஊரிலோ காட்டலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. அவர் கல்லூரியில் அது நன்றாக நடந்தால் அதுவும் ஒரு வழி. அவரே மருந்து எழுதிச் சாப்பிடுகிறாரா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அல்பிரசோலம், குளோனசெபம் மாதிரி பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரைகளை டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்வதுண்டு. தூக்கம் வரும், மனச்சோர்வு போகாது, பழக்கம் மட்டும் மிஞ்சும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் வரலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடுவார். டாக்டர்கள் இதில் மற்ற நோயாளிகளைவிட மோசம். சரியான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும். கூடவே பேச்சு வழி சிகிச்சையும் கிடைத்தால் நல்லது.

விடுப்பு கேட்க வேண்டும். மருத்துவச் சான்றிதழோடு இரண்டு மூன்று வாரம். கடிதத்தில் நோயின் பெயரை விளக்கமாக எழுதத் தேவையில்லை. முதலில் யூனிட்டில் அவர் கொஞ்சமாவது நம்புகிற ஒரு ஆசிரியரைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். எல்லா யூனிட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், நோயின் இருட்டில் உங்கள் மனைவிக்கு அந்த ஆள் கண்ணில் படாமல் இருக்கும். அது நடக்காவிட்டால் துறைத் தலைவர், அப்புறம் டீன். விடுப்பு முடிந்து திரும்பும்போது முதல் மாதம் 24 மணி நேர டியூட்டிக்குப் பதில் 12 மணி நேரமாகப் பிரித்துக் கொடுக்கக் கேட்கலாம். எனக்குத் தெரிந்து இப்படிப் பிரித்துக் கொடுத்த துறைத் தலைவர்கள் உண்டு. பிரித்ததால் எந்த லேபர் வார்டும் நின்றுபோகவில்லை.

படிப்பை விடுவது பற்றி: மனச்சோர்வில் இருக்கும் மூளை எல்லாக் கதவும் மூடியிருப்பதாகத்தான் காட்டும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு நோய் எடுக்கும் முடிவு. நடுவில் விட்டால் லட்சக்கணக்கில் கட்டச் சொல்லும் ஒப்பந்தம் ஒருபுறம். அதைவிட, ஆறு மாதம் கழித்துத் தெளிந்த பிறகு “நான் தோற்றுப்போனேன்” என்ற எண்ணம் புதிதாக ஒட்டிக்கொள்ளும். சிகிச்சை எடுத்து, தூக்கம் திரும்பி, சிரிப்பு திரும்பிய பிறகும் அவருக்கு இந்தத் துறை வேண்டாம் என்று தோன்றினால் அப்போது தாராளமாக விடட்டும். அது அவர் எடுக்கும் முடிவாக இருக்கும், நீங்கள் துணை நிற்கலாம். இப்போது நீங்களாக “விட்டுடு” என்று சொன்னால், “உன்னால் முடியாது” என்றுதான் அவர் காதில் விழும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மகளுக்கு எந்த ஸ்கூல், காய்ச்சலுக்கு எவ்வளவு சிரப், அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்முறை என்று டியூட்டி நடுவில் போன் போட்டுக் கேட்காதீர்கள். நீங்களே முடிவெடுத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். “குழந்தை உன்னைத் தேடி அழுதது” என்று சொல்வதை உங்கள் அம்மா நிறுத்த வேண்டும். “இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டா” என்று சொன்னால் போதும். இந்தப் பேச்சை அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், மனைவியைப் பேசவிடக் கூடாது.

வீடியோ காலை உடனே திரும்பத் தொடங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மகள் ஏதாவது கிறுக்குவாள் இல்லையா, அதைப் போட்டோ எடுத்துத் தினமும் ஒன்று அனுப்புங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள். அவர் தூங்கி எழுந்த ஒரு நாளில், டியூட்டி இல்லாத ஒரு மாலையில், அவரே போன் செய்வார். அப்போது போனை மகள் கையில் கொடுத்து “பேசு, பேசு” என்று சொல்லாமல், அவள் விளையாடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுங்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.